15-க்கு 15: ஒரு நல்ல தொடக்கத்தைப் பிரித்துப் பார்த்தபோது

கோலாலம்பூர் செந்தூலில் நான் கூடைப்பந்துப் பயிற்சி கொடுக்கும் பையன்கள் இந்த சீசனில் முதல் நான்கு ஆட்டங்களையும் வென்றுவிட்டார்கள். போன சீசன் முழுவதற்கும் சேர்த்தே நாங்கள் வென்றது மூன்றுதான். அதனால் நான்காவது ஆட்டம் முடிந்த இரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கோப்பைப் படங்கள் வர ஆரம்பித்தன. ஜெர்சி நிறத்தை மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். இன்னோர் அப்பா எழுதினார்: "இந்த வருசம் கப்பு நமக்குத்தான் கோச். நீங்க மட்டும் ஒண்ணும் மாத்திடாதீங்க."

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கிளீவ்லேண்ட் ஞாபகம் வந்துவிட்டது.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வின் 2024-25 சீசனைக் கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் அணி 15 தொடர் வெற்றிகளோடு தொடங்கியது. அதை நாங்கள் காலைப் பசியாறும் நேரத்தில் பார்த்தோம். அங்கே இரவு ஏழு மணி என்றால் கோலாலம்பூரில் மறுநாள் காலை ஏழு. நவம்பர் 3-ஆம் தேதி அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தபின் எங்களுக்கு அது எட்டு மணியானது, ஒரு மணி நேரத் தூக்கம் இலாபம். மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே தாரிக், சர்க்கரைப் போத்தல்மேல் சாய்த்து வைத்த ஒரு கைப்பேசி, அதைச் சுற்றி ஐந்தாறு தலைகள். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பலகாரத் தட்டு மடியில் இருக்க, லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸை அவர்கள் 134-110 என்று அடித்ததைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. அந்த லேக்கர்ஸ் அணியில் இருந்த லெப்ரான் ஜேம்ஸின் மகன் பிரானி தன் முதல் என்.பி.ஏ. கூடையைப் போட்டதும் அன்றுதான், அதுவும் அப்பா பல வருடம் ஆடிய அதே கிளீவ்லேண்ட் அரங்கத்தில். என் மனைவி மட்டும் "நல்ல நாளும் அதுவுமா" என்று ஆரம்பித்தாள். அதை விடுங்கள்.

கேவலியர்ஸின் அந்தத் தொடக்கத்தையும் அது போய் முடிந்த இடத்தையும் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். எங்கள் நாலு வெற்றியை எப்படிப் படிப்பது என்று எனக்கே தெரிய வேண்டியிருக்கிறது.

அதே ஆட்கள்தான்

முந்தைய சீசனில் கேவலியர்ஸ் மோசமான அணி இல்லை. 48 வெற்றி, 34 தோல்வி. சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபின் இரண்டாம் சுற்றில் பாஸ்டன் செல்டிக்ஸிடம் 4-1 என்று தோற்றதும் பயிற்றுநர் பிக்கர்ஸ்டாஃபை வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே எல்லாரும் ஆருடம் சொல்ல ஆரம்பித்தார்கள். டோனவன் மிட்செல், டேரியஸ் கார்லண்ட் இருவரும் ஆறடி சொச்சம். ஜேரட் ஆலன், எவன் மோப்லி இருவரும் ஏழடிக்குக் கிட்டத்தட்ட. குட்டையில் ஒருவர், நெட்டையில் ஒருவரை விற்றால்தான் அணி உருப்படும் என்பதுதான் அந்த ஆருடம். ("எவன் மோப்லி" என்று நான் முதல் முறை சொன்னபோது எங்கள் பையன் ஒருவன், "எவன் கோச்?" என்று கேட்டான். அன்றிலிருந்து எங்கள் களத்தில் அவருக்கு "எவன்டா" என்று பெயர்.)

நிர்வாகம் யாரையும் விற்கவில்லை. மிட்செலுக்கும் மோப்லிக்கும் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கொடுத்துவிட்டு, கென்னி அட்கின்சனைப் பயிற்றுநராகக் கொண்டுவந்தார்கள். முன்பு புரூக்ளின் நெட்ஸை நடத்தியவர், அப்புறம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸில் துணைப் பயிற்றுநராக இருந்தவர். ஆக மாறியது ஆட்டமுறை மட்டுமே.

முக்கியமான மாற்றமாக எனக்குப் படுவது மிட்செலின் நிமிடங்கள். முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 35 நிமிடம் ஆடியவர், 2024-25-இல் ஏறக்குறைய 31 நிமிடத்தில் நின்றுகொண்டார். புள்ளியும் 26.6-லிருந்து 24-க்கு இறங்கியது. அணியின் முதல் ஆட்டக்காரனிடம் போய், "நீ கொஞ்சம் குறைவாக ஆடு, குறைவாகப் போடு" என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைப்பது லேசான காரியம் இல்லை. எங்கள் கேப்டனிடம் இதைச் சொன்ன அன்று அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவனுக்குப் பதினாறு வயது, சம்பளமும் கிடையாது. அவனுக்கே அப்படி.

மிட்செல் விட்டுக்கொடுத்த இடம் மற்றவர்களுக்குப் போனது. மோப்லி ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தை, எடுத்ததும் கார்லண்டைத் தேடிக்கொண்டு நிற்காமல் தானே பந்தைத் தட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். எதிரணி திரும்பித் தற்காப்பில் நிற்பதற்குள் பந்து வளையத்துக்குப் பக்கத்தில் போய்விடும். கார்லண்ட் முந்தைய சீசனில் தாடை உடைந்து, மெல்ல முடியாமல் உடம்பு இளைத்துப் போயிருந்தவர். அவரும் தேறி வந்துவிட்டார். பெஞ்சிலிருந்து வந்த டை ஜெரோம் கணுக்கால் காயத்தால் முந்தைய சீசனில் ஆடியதே இரண்டு ஆட்டம். அந்த ஆள் 2024-25 சீசன் முடிவில், பெஞ்சிலிருந்து வருபவர்களுக்கான சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதின் இறுதி மூவரில் ஒருவர். இத்தனைக்கும் வழக்கமாக முதல் ஐந்தில் ஆடும் மேக்ஸ் ஸ்ட்ரூஸ் டிசம்பர் வரை காயத்தால் களத்திலேயே இல்லை.

அந்தப் பதினைந்து

முதல் ஆட்டம் டொராண்டோவில், 136-106. பதினைந்தாவது ஆட்டம் சார்லட்டுக்கு எதிராக, 128-114. அதில் மிட்செலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டே வென்றார்கள். நடுவில் நவம்பர் 8-ஆம் தேதி வாரியர்ஸ் வந்தார்கள், அட்கின்சனின் பழைய முதலாளிகள். பாதி ஆட்டம் முடிந்தபோது பலகையில் 83-42. 41 புள்ளி வித்தியாசம். மாமாக் கடையில் ஒருவர், "போன் ஹேங் ஆயிடுச்சா பாரு" என்றார். இந்த 41-ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வரும்.

சரி, யாரையெல்லாம் வென்றார்கள்? இந்தக் கேள்வியை அப்போது யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. சீசன் முடிந்தபின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். டொராண்டோ அந்த சீசனில் 82 ஆட்டத்தில் வென்றது 30. புரூக்ளின் 26, பிலடெல்ஃபியா 24, நியூ ஆர்லியன்ஸ் 21, சார்லட் 19, வாஷிங்டன் 18. பதினைந்தில் ஆறு ஆட்டம் இந்த மாதிரி அணிகளோடு. சிகாகோவை இரண்டு தடவை சந்தித்தார்கள், அதுவும் பாதிக்கு மேல் தோற்ற அணி. மறுபக்கம் நியூயார்க், லேக்கர்ஸ், வாரியர்ஸ், மில்வாக்கி எல்லாம் சாதாரண அணிகள் இல்லை. ஆகவே அட்டவணை கைகொடுத்தது என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கவும் முடியாது. பாதி மேடு, பாதி பள்ளம்.

நான் அதிக நேரம் நின்று பார்த்தது மில்வாக்கி ஆட்டங்களை. நவம்பர் 2-ஆம் தேதி அவர்கள் ஊரில் 114-113, கடைசிக் கணத்தில் மிட்செல் போட்ட பந்தால் கிடைத்த வெற்றி. இரண்டு நாள் கழித்து கிளீவ்லேண்டில் அதே மில்வாக்கி, 116-114. பதினைந்து வெற்றிகளில் மிக நெருக்கமானவை இந்த இரண்டும்தான். அந்த நேரத்தில் மில்வாக்கியோ தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த அணி. அடுத்தடுத்து ஒரே அணியைச் சந்தித்தால், "நேற்று நீ செய்ததை இன்று விடமாட்டேன்" என்று எதிரணிக்குச் சொல்ல நேரம் கிடைக்கிறது. அதுதான் இங்கே நடந்தது என்று எழுதிவிட எனக்கு ஆசை. ஆனால் சிகாகோ குறுக்கே நிற்கிறது. அவர்களை முதலில் 119-113 என்று வென்ற கேவலியர்ஸ், நான்கு நாள் கழித்து 144-126 என்று இன்னும் பெரிதாக வென்றார்கள். இரண்டு ஜோடி ஆட்டத்தை வைத்துக்கொண்டு விதி எழுத முடியாது. குறித்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பதினாறாவது ஆட்டம் பாஸ்டனில். இங்கே புதன்கிழமை காலை, நவம்பர் 20. அதற்கு முந்தைய மே மாதம் இவர்களை வீட்டுக்கு அனுப்பிய அதே செல்டிக்ஸ், அந்த நேரத்தில் நடப்பு சாம்பியன். மூன்று புள்ளிப் பந்துகளாகப் போட்டு முதல் பாதியிலேயே பாஸ்டன் விலகிப் போய்விட்டது. கேவலியர்ஸ் துரத்தினார்கள். மிட்செல் 35 புள்ளி எடுத்தார். முடிவு 120-117. அன்று மாலை பயிற்சிக்கு வந்த பையன்கள் "கேவலியர்ஸ்" என்று சொல்லும்போது முதல் இரண்டு எழுத்தைக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்திச் சொன்னார்கள். எனக்கு என்னவோ அந்தத் தோல்விதான் அந்தத் தொடக்கத்தின் மிக நல்ல ஆட்டமாகத் தெரிந்தது. அத்தனை பின்தங்கியும் கடைசி நிமிடம் வரை விடாமல் வந்தார்கள்.

பிறகு நடந்தது

தொடக்கம் பொய்யாகிவிடவில்லை. பிறகும் ஒரு 12 ஆட்டத் தொடர் வெற்றி, அப்புறம் ஒரு 16. மொத்தம் 64 வெற்றி, கிழக்குப் பிரிவில் முதலிடம். அட்கின்சனுக்கு ஆண்டின் சிறந்த பயிற்றுநர் விருது, மோப்லிக்குச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது. பிளேஆஃப் முதல் சுற்றில் மயாமியை 4-0. அந்த நான்கு ஆட்டத்தின் வித்தியாசத்தைக் கூட்டினால் 122 புள்ளி. அப்படி ஓர் அடி பிளேஆஃப் தொடர் எதிலும் அதற்கு முன் விழுந்ததில்லை.

அடுத்து வந்தது இந்தியானா பேசர்ஸ். கேவலியர்ஸ் 15-0 என்று தொடங்கிய அதே சீசனை இவர்கள் 10-15 என்று தொடங்கியவர்கள். டிசம்பரில் யாராவது இந்த இரண்டு அணிகளில் ஒன்றின்மேல் பத்து வெள்ளி பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால், பேசர்ஸ் பக்கம் ஒரு காசு போயிருக்காது.

முதல் ஆட்டம் கிளீவ்லேண்டில், பேசர்ஸ் வென்றது. இரண்டாவது ஆட்டத்தில் மோப்லி, கார்லண்ட், பிப்ரவரியில் அட்லாண்டாவிலிருந்து வந்த டிஆண்ட்ரே ஹண்டர் மூவரும் காயத்தால் வெளியே. மிட்செல் தனியாளாக 48 புள்ளி எடுத்தார். சீசன் முழுக்கப் பங்கு போட்டுக் குறைத்து வைத்த பாரம், ஒரே இரவில் மறுபடி அவர் தலையில். 20 புள்ளி முன்னணியைக் கோட்டைவிட்டார்கள். இரண்டு நொடிகூட மிச்சமில்லாத நேரத்தில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் மூன்று புள்ளிப் பந்து ஒன்றைப் போட்டார். 120-119. மூன்றாவது ஆட்டத்தை கேவலியர்ஸ் வென்றார்கள். நான்காவது ஆட்டம் இந்தியானாவில். பாதி ஆட்டத்தில் பலகை காட்டியது 80-39.

கழித்துப் பாருங்கள். 41.

நவம்பரில் வாரியர்ஸுக்கு அவர்கள் கொடுத்த அதே 41, மே மாதம் அவர்களுக்கே திரும்பி வந்தது. ஐந்தாவது ஆட்டத்தோடு தொடர் 4-1 என்று முடிந்தது. முந்தைய வருடம் பழைய பயிற்றுநருக்கு வேலை போன அதே சுற்று, அதே கணக்கு. பேசர்ஸ் இறுதிச் சுற்று வரை போய், ஓக்லஹோமா சிட்டி தண்டரிடம் ஏழாவது ஆட்டத்தில்தான் தோற்றது.

காயத்தைக் காரணம் காட்டுபவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். மூன்று பேர் இல்லாமல் எந்த அணியும் தடுமாறும். ஆனால் முதல் ஆட்டத்தில் மோப்லியும் ஹண்டரும் ஆடத்தான் செய்தார்கள், அதுவும் சொந்த ஊரில். அதிலேயே ஒன்று தெரிந்தது. பேசர்ஸ் மைதானம் முழுக்கப் பந்துக்காரனை விடாமல் ஒட்டி வந்தார்கள். பந்து கிடைத்ததும் ஓடினார்கள், கூடை வாங்கினாலும் ஓடினார்கள். வேகம் என்பது சீசன் முழுக்கக் கேவலியர்ஸ் மற்றவர்களுக்குக் கொடுத்த வைத்தியம். அதைத் தாங்களே குடிக்கும் நாள் வரும் என்று பழகியிருக்கவில்லை. நவம்பரில் ஓர் எதிரணி உங்களை ஒரு நாள் பார்க்கும், அடுத்த நாள் வேறு ஊருக்கு விமானம் ஏறிவிடும். மே மாதத்தில் அதே அணி இரண்டு வாரம் உங்கள் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு, உங்கள் குட்டை ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் திரும்பும்போது மூச்சு வாங்குகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கும். முதல் பதினைந்து ஆட்டம் இந்தப் பாடத்திலிருந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் அவர்கள் சரியாகத்தான் பதில் எழுதினார்கள்.

இதற்கு நேர் மாறான கதையும் இருக்கிறது. 1993-94-இல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் இதே 15-0 தொடக்கத்தோடு கோப்பையையும் எடுத்தார்கள். 1948-49-இல் வாஷிங்டன் கேபிடல்ஸ் 15-0 என்று தொடங்கி இறுதிச் சுற்றில் தோற்றார்கள். 2015-16-இல் வாரியர்ஸ் 24-0 என்று தொடங்கி, 73 வெற்றி எடுத்து, இறுதிச் சுற்றில் 3-1 என்று முன்னணியில் இருந்தும் கோட்டைவிட்டார்கள். அன்று கோப்பையைத் தட்டிக்கொண்டு போனவர்கள் யாரென்றால், இதே கிளீவ்லேண்ட்காரர்கள்.

செந்தூல் கணக்கு

இப்போது எங்கள் நாலு ஆட்டம். இதை எழுதுவதற்கு முன் ஸ்கோர் தாள்களை எடுத்து மேசையில் பரப்பினேன். என்.பி.ஏ.-வில் கால் ஆட்டம் 12 நிமிடம், நாங்கள் ஆடும் ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதியில் 10. அங்கே ஆறு ஃபவுலில் வெளியே, இங்கே ஐந்தில். இந்த ஐந்து என்ற எண்தான் எங்கள் தலைவலி, அதற்குப் பிறகு வருகிறேன்.

போன சீசனில் எங்கள் கேப்டன் 40 நிமிடமும் களத்தில் நிற்பான். கடைசிக் கால் ஆட்டத்தில் அவன் கால் நகராது, நாங்கள் தோற்போம். இந்த சீசனில் யாருக்கும் 28 நிமிடத்துக்கு மேல் இல்லை என்று வைத்தேன். கிளீவ்லேண்டைப் பார்த்து அடித்த காப்பிதான், மறைக்க ஒன்றுமில்லை. மிச்ச நிமிடங்களைப் பங்கிட்டுக் கொடுத்தபோது, இதுவரை தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டிருந்த இரண்டு பையன்களுக்கு நன்றாகவே ஆடத் தெரியும் என்று தெரிந்தது. இதற்கு நான் வெட்கப்பட வேண்டும், போன சீசனும் அவர்கள் இருந்தார்களே. நம் தமிழ்ப் பையன்களுக்குக் கூடைப்பந்து தாமதமாகத்தான் கைக்கு வருகிறது. ஆரம்பப் பள்ளியில் பந்து என்றால் காலால் உதைப்பது. சீனப் பள்ளிப் பிள்ளைகள் ஏழு வயதில் பந்து தட்டத் தொடங்கும்போது, எங்கள் பையன்கள் பதின்மூன்றில் வந்து நிற்கிறார்கள். அதனால் யார் தேறுவான், யார் தேற மாட்டான் என்று நான் சீக்கிரமே முடிவு கட்டிவிடுகிறேன். அந்தத் தவறு என்னுடையது.

ஆக, மாற்றம் உண்மையானது. அதை வாட்ஸ்அப் குழு சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

ஆனால் முதல் ஆட்டத்துக்கு வந்த அணியில் ஆறே பேர், மற்றவர்களுக்குப் பள்ளித் தேர்வு. இரண்டாவது அணி இந்த ஆண்டுதான் லீக்கில் சேர்ந்தது, பாதிப் பையன்கள் எங்களைவிடச் சின்னவர்கள். நான்காவதும் சுலபம். மூன்றாவதுதான் ஆட்டம். ஒரு சீனப் பள்ளியின் பழைய மாணவர் அணி, ஒரே புள்ளியில் வென்றோம், கடைசி ஃப்ரீ த்ரோவில். அந்த ஸ்கோர் தாளில் ஒரு வரி இருக்கிறது. மூன்றாவது கால் ஆட்டம் பாதி ஓடும்போதே எங்கள் நெட்டைப் பையனுக்கு நாலு ஃபவுல். அவனை உட்கார வைத்தேன். அடுத்த நாலு நிமிடத்தில் அவர்கள் 11 புள்ளி எடுத்தார்கள், நாங்கள் சைபர். அவன் திரும்பி வந்ததும் மூச்சு வந்தது. குழுவில் வந்த வீடியோவில் கடைசி ஃப்ரீ த்ரோ மட்டும் இருக்கிறது. அந்த நாலு நிமிடத்தை யாரும் எடுக்கவில்லை.

யாரும் என்று சொல்வது தப்பு. எங்கள் நான்காவது ஆட்டத்தின்போது மேல் வரிசையில் அந்தப் பழைய மாணவர் அணியின் பயிற்றுநர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், பையன்கள் எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். முக்காலியில் போனைப் பொருத்தி எங்கள் ஆட்டம் முழுவதையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நெட்டைப் பையன் வெளியே போகும்போதெல்லாம் மடியில் இருந்த நோட்டில் ஏதோ எழுதினார். போகும்போது என்னைப் பார்த்து, "நல்லா ஆடுறாங்க" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். இரண்டாம் சுற்றில் முதல் ஆட்டமே அவர்களோடுதான், வரும் சனிக்கிழமை.

செவ்வாய்க்கிழமை மழை விட்டதும் துடைப்பத்தால் களத்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டு, அணியை இரண்டாகப் பிரித்தேன். கேப்டன் பக்கத்துக்கு நெட்டைப் பையன் கிடையாது என்றேன். எதிர்ப்பக்கத்தை ஆறு பேராக்கி, மைதானம் முழுக்க ஒட்டிப் பிடிக்கச் சொன்னேன்.

"கோச், நாலு மேட்ச் ஜெயிச்சிருக்கோம்லா, எதுக்கு இது?" என்றான் கேப்டன்.

"ஆடுடா தம்பி."

முதல் பத்து நிமிடத்தில் அவர்களால் பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுவரவே முடியவில்லை. நெட்டைப் பையன் ஓரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போத்தல் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். இரண்டாவது பத்து நிமிடத்தில் இரண்டு கூடை போட்டார்கள். வாட்ஸ்அப்பில் அந்த அப்பாவுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.